அரோமேட்டிக் சேர்மங்களுடன் ஹைட்ராக்சில் தனி உறுப்பு வினைபுரியும் வேகத்தை அளவிடுதல்: கொருக்குப்பேட்டைச் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பென்சீன், டொலுவீன், சைலீன் ஆகிய அரோமேட்டிக் சேர்மங்கள் பெட்ரோலிய எரிபொருள்கள் வழியாகக் காற்றிலும் நிலத்தடி நீரிலும் கலக்கின்றன. பகற்பொழுதின் காற்றில் அவற்றைச் சிதைப்பதில் முதன்மைப் பங்கு வகிப்பது ஹைட்ராக்சில் தனி உறுப்பு ஆகும். அதன் வினைவேகத்தை அளவிடும் முறைகளையும், அவ்வளவீடுகள் வடசென்னையின் மாசு குறித்து உணர்த்துவனவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஹைட்ராக்சில் தனி உறுப்பு, அரோமேட்டிக் சேர்மங்கள், வினைவேக மாறிலி, பென்சீன், வடசென்னை

1. முன்னுரை

கொருக்குப்பேட்டையின் அருகே தண்டையார்பேட்டையின் எண்ணெய்ச் சேமிப்பு முனையங்களும், வடமேற்கே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அமைந்துள்ளன. குடியிருப்புகளும் எரிபொருள் கையாளும் இடங்களும் இங்கு நெருங்கியுள்ளன. 2013-ஆம் ஆண்டு தண்டையார்பேட்டையில், நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய் ஆழ்துளைக் கிணற்று நீரில் கலந்திருந்தது தெரியவந்தது. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உறுதி செய்யப்பட்டுள்ளது. காற்றில் அதன் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மிகக்கூடாது என்பது இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுத் தேசியத் தரநிலை. வெளியேறிய பென்சீன் இயற்கையாக எவ்வளவு விரைவில் அழியும் என்னும் வினாவுக்கு வினைவேக மாறிலியே விடை தருகிறது.

2. நீரில் அளவிடும் முறை

ஹைட்ராக்சில் தனி உறுப்பு மிகக் குறுகிய காலமே நிலைப்பது. எனவே அதனை ஒரு நொடிப்பொழுதில் உருவாக்கி, உடனே கண்காணிக்க வேண்டும். துடிப்புக் கதிர்வீச்சுப் பகுப்பு முறையில் இது இயல்கிறது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 7 மெகா எலக்ட்ரான்வோல்ட் நேர்கோட்டு முடுக்கியைக் கொண்டு இத்தகைய ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. எலக்ட்ரான் துடிப்பு நீரைப் பிளக்கும்போது ஹைட்ராக்சில் தனி உறுப்புகளும் நீரேறிய எலக்ட்ரான்களும் தோன்றுகின்றன. கரைசலை நைட்ரஸ் ஆக்சைடால் நிறைவுறச் செய்தால் அந்த எலக்ட்ரான்களும் ஹைட்ராக்சில் தனி உறுப்பாக மாறிவிடும்.

இத்தனி உறுப்பு பென்சீன் வளையத்துடன் சேரும்போது ஹைட்ராக்சி சைக்ளோஹெக்சாடையீனைல் தனி உறுப்பு உருவாகிறது. அது 313 நானோமீட்டர் அருகே ஒளியை உட்கவர்வதால், அதன் வளர்ச்சியைக் காலத்துக்கு எதிராகப் பதிவு செய்யலாம். பென்சீன் மிகையாக இருப்பின் வினை போலி முதல் வகையைச் சார்ந்ததாகும். பல்வேறு பென்சீன் செறிவுகளில் கிடைக்கும் வேகங்களைச் செறிவுக்கு எதிராக வரைந்தால், நேர்கோட்டின் சாய்வே வினைவேக மாறிலி. பென்சீனுக்கு அதன் மதிப்பு 7.8×10⁹ லிட்டர் மோல்⁻¹ விநாடி⁻¹. லிட்டருக்கு 0.1 மில்லிமோல் பென்சீன் இருப்பின், ஹைட்ராக்சிலின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 0.9 மைக்ரோவிநாடி மட்டுமே.

விளைபொருளின் ஒளி உட்கவர்தல் வலுவற்றதாயின் போட்டி முறை கையாளப்படுகிறது. வேகம் முன்பே அறியப்பட்ட தயோசயனேட் அயனி கரைசலில் சேர்க்கப்படும். அதன் விளைபொருள் 475 நானோமீட்டர் அருகே காட்டும் உட்கவர்தல், ஆய்வுச் சேர்மத்தின் முன்னிலையில் எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து தேவையான மாறிலி கணக்கிடப்படுகிறது.

3. காற்றில் அளவிடும் முறை

வளிநிலையில் ஒப்பீட்டு முறை பெரிதும் பயன்படுகிறது. ஆய்வுச் சேர்மமும் ஒப்பீட்டுச் சேர்மமும் ஒரே கலத்தில் ஹைட்ராக்சிலுக்கு உட்படுத்தப்பட்டு, வளிநிலை நிறச்சாரல் பிரிகை மூலம் அவற்றின் செறிவுக் குறைவு அளவிடப்படும். தொடக்கச் செறிவை எஞ்சிய செறிவால் வகுத்துப் பெறும் ஈவின் இயல் மடக்கையை இரு சேர்மங்களுக்கும் கண்டு ஒன்றுக்கொன்று எதிராக வரைந்தால், சாய்வு இரு மாறிலிகளின் விகிதத்தைத் தரும். ஹைட்ராக்சிலின் செறிவை அறிய வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு.

அறை வெப்பநிலையில் பென்சீனின் மாறிலி 1.2×10⁻¹², டொலுவீனுக்கு 5.6×10⁻¹², மெட்டா சைலீனுக்கு 2.3×10⁻¹¹ (கன சென்டிமீட்டர் மூலக்கூறு⁻¹ விநாடி⁻¹). மெத்தில் தொகுதிகள் வளையத்தின் எலக்ட்ரான் அடர்த்தியை மிகுப்பதால், எலக்ட்ரான் நாட்டமுடைய ஹைட்ராக்சில் அவ்வளையத்தை விரைந்து தாக்குகிறது.

4. அளவீடுகள் உணர்த்துவன

பகலில் கன சென்டிமீட்டருக்கு 2×10⁶ ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் உள்ளன எனக் கொள்வோம். ஆறு மணி நேரத்தில் மெட்டா சைலீனில் ஏறத்தாழ 63 விழுக்காடும், டொலுவீனில் 21 விழுக்காடும் அழியும். பென்சீனிலோ 5 விழுக்காடு மட்டுமே குறையும். முனையத்தை அடுத்த தெருவுக்குக் காற்று சில நிமிடங்களில் சென்றுவிடும். ஆகவே வெளியேறிய பென்சீன் ஏறத்தாழ முழுமையாக அங்குள்ளோரைச் சென்றடையும். கதிரொளியைச் சார்ந்தே ஹைட்ராக்சில் உருவாவதால் இரவில் இச்சிதைவும் பெரிதும் நின்றுவிடும். சைலீன் மறைவதும் தூய்மையாதல் அன்று. நைட்ரஜன் ஆக்சைடுகளின் முன்னிலையில் அது ஓசோனும் நுண்துகளும் உருவாகத் துணைபுரிகிறது.

நிலத்தடியில் கதிரொளி இல்லாமையால், ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பு அயனியும் கொண்ட ஃபென்டன் வினை போன்றவற்றால் ஹைட்ராக்சிலை உருவாக்க வேண்டும். ஆனால் நீரிலுள்ள பைகார்பனேட்டும் அதற்காகப் போட்டியிடுகிறது; அதன் மாறிலி 8.5×10⁶ லிட்டர் மோல்⁻¹ விநாடி⁻¹. லிட்டருக்கு 5 மில்லிமோல் பைகார்பனேட்டும் 1 மில்லிகிராம் பென்சீனும் உள்ள நீரில், இவ்விரண்டை மட்டும் கருதினால், ஹைட்ராக்சிலில் 70 விழுக்காடு பென்சீனைத் தாக்கும். பென்சீன் உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு மதிப்பான 0.01 மில்லிகிராமை நெருங்கும்போது அப்பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடாகச் சுருங்கிவிடும். எஞ்சிய சிறு மாசை நீக்குவதே மிகக் கடினம் என்பது இதனால் விளங்கும்.

5. முடிவுரை

மைக்ரோவிநாடியில் நிகழும் வினையின் அளவீடு, குடியிருப்புப் பகுதியின் பாதுகாப்பு குறித்துத் தெளிவான முடிவைத் தருகிறது. நீரில் ஹைட்ராக்சிலின் தாக்குதல் மிக விரைவானது. எனினும் அதனை இடைவிடாது வழங்குவது அரிது. காற்றில் பென்சீனின் சிதைவோ நாள் கணக்கில் நீள்வது. எனவே இயற்கை தூய்மையாக்கிவிடும் என்று நம்பியிருத்தல் பொருந்தாது. எரிபொருள் நிரப்புமிடங்களில் ஆவியை மீட்டெடுத்தலும், குழாய்க் கசிவைத் தொடக்கத்திலேயே கண்டறிதலுமே கொருக்குப்பேட்டை போன்ற பகுதிகளுக்கு உரிய தீர்வுகளாகும்.