கதைப் புத்தகம் படிக்கிற ஆம்பளை!

பாடப் புத்தகம் கையில் இருந்தால் 'படிக்கிற பையன்'. அதே பையன் கதைப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்தால்? "என்னடா இது, பொம்பளப் புள்ள மாதிரி? வெளில போய் விளையாடுறா!" ஏழாவது படிக்கும் என் அக்கா மகனுக்கு அவன் அப்பாவிடமிருந்து தினசரி இந்த அர்ச்சனைதான். போன மாசத்திலிருந்து பயல் புத்தகத்தையே தொடுவதில்லை. (செல்போனில் மூழ்கினால் மட்டும் யாரும் 'பொம்பளப் புள்ள' என்பதில்லை, கவனித்தீர்களா?)

வெள்ளைக்காரன் ஊரிலும் இதே கதைதான் சார். 1997-ல் முதல் ஹாரி பாட்டர் வந்தபோது, எழுதியவர் பெண் என்று தெரிந்தால் பையன்கள் வாங்கமாட்டார்களோ என்று பதிப்பகத்துக்கு உதறல். ஜோன் ரௌலிங் என்ற பெயரை இரண்டு இனிஷியலுக்குள் ஒளித்துவிட்டார்கள். அம்மணிக்கு நடுப்பெயரே கிடையாது. பாட்டி கேத்லீனிடமிருந்து ஒரு 'கே' கடன் வாங்கினார்!

நாம மட்டும் என்னவாம்? க்ரைம் நாவலை பஸ்ஸில் விரித்துப் படிப்போம். ராஜம் கிருஷ்ணன் என்றால் 'லேடீஸ் சமாசாரம்ப்பா'. அவர் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளை நேரில் பார்த்து 'கரிப்பு மணிகள்' எழுதியவர். உப்பளத்து வெயிலில் என்ன சார் லேடீஸ் சமாசாரம்?

ஞாயிற்றுக்கிழமை அந்த நாவலோடு அக்கா வீட்டுக்குப் போகிறேன். பையனுக்கு இல்லை, அவன் அப்பாவுக்கு!