தொடு புரோப் அளவுத்திருத்தம்

தொடு புரோப் என்பது சிஎன்சி மில்லிங் எந்திரத்தின் ஸ்பிண்டிலில், வெட்டுளிக்குப் பதிலாகப் பொருத்தப்படும் அளவிடும் கருவி ஆகும். கான்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினிலுள்ள குழாய்களை அளப்பதற்காக டேவிட் மெக்மர்ட்ரி இதன் மூல வடிவத்தை 1972இல் உருவாக்கினார்.

புரோப் முனையிலுள்ள மாணிக்கக் குண்டின் விட்டம் 6 மி.மீ. என்றால், அந்த எண்ணை அப்படியே கணக்கில் எடுக்கக் கூடாது. குண்டு தொட்டதும் தண்டு சற்று வளையும்; அதன் பிறகே சமிக்ஞை கிளம்பும். அதற்குள் ஸ்பிண்டில் சில மைக்ரான் கூடுதலாக நகர்ந்துவிடுவதால், குண்டு உண்மையைவிடச் சிறியதுபோல் நடந்துகொள்ளும்.

இந்தச் செயல்படு விட்டத்தை அறிய, முதலில் டயல் கேஜ் கொண்டு குண்டை ஸ்பிண்டில் மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். பின்னர் 50.000 மி.மீ. ரிங் கேஜின் உட்சுவரை எதிரெதிர்ப் பக்கங்களில் தொடும்போது நகர்வு 44.012 மி.மீ. எனில், செயல்படு விட்டம் 5.988 மி.மீ. ஆகும். திருத்தாமல் விட்டால் ஒவ்வொரு துளையும் 12 மைக்ரான் பெரிதாகத் தெரியும். தொடும் வேகம் மாறினால் இம்மதிப்பும் மாறும். தண்டை மாற்றினாலும் அப்படியே.