தோலும் செருப்புமாக ஒரு மாதம்

பாலாற்றங்கரைக் குறிப்புகள் – 17

‘ஆம்பூரை வைத்து எழுதின நல்ல நாவல் ஒன்று சொல்லுங்கள்’ என்று சென்னை நண்பர் ஒருவர் போன மாதம் கேட்டார். சட்டென்று ஒரு பேரும் வாயில் வரவில்லை. உலகம் முழுக்க விற்கிற ஷூக்களைத் தைத்துக் கொடுக்கிற ஊர் இது. விடிந்தும் விடியாததுமாகச் சாப்பாட்டுப் பையோடு பெண்கள் கம்பெனி வண்டிக்குக் காத்து நிற்கிற ஊர். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்த வட்டாரம் முழுக்கத் தோலை நம்பித்தான் அடுப்பெரிகிறது. இவ்வளவு வாழ்க்கை நடக்கிற இடத்துக்கு எழுத்தில் என்ன இருக்கிறது, திரையில் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். இந்த மாதம் படித்தது, பார்த்தது எல்லாமே தோல், செருப்பு, ஆறு என்று அமைந்துவிட்டது அப்படித்தான்.

முதலில் எடுத்தது டி. செல்வராஜின் ‘தோல்’. 2010இல் வந்த நாவல், 2012இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. இது நம் பக்கத்துக் கதை இல்லை, திண்டுக்கல் கதை. விடுதலைக்கு முந்தைய காலத்தில், தோல் ஷாப்பு முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அதை அடைக்க வழியில்லாமல் குடும்பத்தோடு கட்டுப்பட்டுக் கிடந்தவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் கட்டுகிறார்கள். கனமான புத்தகம். ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. சங்கக் கூட்டங்கள் வரும் இடங்களில் பாத்திரங்கள் பேச்சை விட்டுவிட்டு மேடைப் பேச்சுக்குப் போய்விடுகின்றன. ஆனால் சுண்ணாம்புக் குழி வருகிற பக்கங்களுக்காக இதை எல்லோரும் படிக்க வேண்டும் என்பேன். குழியில் இறங்கி நிற்பவனின் கையும் காலும் வெந்து புண்ணாகிப் போவதை இவ்வளவு கிட்டத்தில் நின்று எழுதிய வேறு தமிழ் நாவலை நான் படித்ததில்லை.

தோல் வேலை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தான் வரும். அதை ஊறவைத்து உப்பைக் கழுவ வேண்டும். சுண்ணாம்பில் போட்டு முடியை உதிர்க்க வேண்டும். உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஜவ்வைச் சீவி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பதனிடுவது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடந்து பதமாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃப்ரெட் சாட்டர்ட்டன் என்ற ஆங்கிலேயர் சென்னை மாகாணத்தில், பட்டைச் சாற்றுக்குப் பதில் குரோமிய உப்பில் பதனிடுகிற குரோம் முறையைக் கொண்டுவந்தார். உடனே எல்லாரும் மாறிவிடவில்லை. 1972இல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை விட்டு, முழுதாக முடித்த தோலையும் தோல் பொருட்களையும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகுதான் குரோம் டிரம்கள் பெருகின, ஷூ கம்பெனிகள் வந்தன, பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள், பாலாற்று நீரும் கெட்டது. செல்வராஜின் நாவல் இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே முடிந்துவிடுகிறது. நம் கதை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்து நான் படித்ததைப் பலர் வாசிப்புக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. மனுதாரர்களுக்காக எம்.சி. மேத்தா வாதாடினார். கெடுத்தவரே செலவைக் கொடுக்க வேண்டும், கேடு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு இது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் வேலூர் பேரைச் சொல்லித்தான் பாடம் நடக்கிறது.

தீர்ப்பு என்றால் கரடுமுரடாக இருக்கும் என்று ஒதுக்காதீர்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அதில் வருகிறது: தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது. குரோம் முறையில் 170 வகை ரசாயனம் வரை புழங்குகிறது, ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் இருக்கிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இன்னொரு வரியில். திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

அதே திண்டுக்கல்! நாவலில் படித்த ஊர் தீர்ப்பிலும் வந்து நிற்கிறது. நாவலில் தொழிலாளியின் உடம்பு இருக்கிறது, கடன் இருக்கிறது, கிணறு இல்லை. தீர்ப்பில் கிணறும் நிலமும் இருக்கின்றன, தொழிலாளியை ஓரத்தில்தான் பார்க்க முடிகிறது. குழியில் நின்றவனும் அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தியவளும் ஒரே வீட்டுக்காரர்கள். தோல் பதனிடும் டேனரியை மூடினால் சம்பளம் போகும், திறந்தால் தண்ணீர் போகும் என்று ஒரே குடும்பம் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டிருப்பதுதான் இந்த வட்டாரத்தின் கதை. அதை முழுதாகச் சொன்ன ஒரு நூலும் என் கைக்குக் கிடைக்கவில்லை.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, கழிவுச் சேறு பாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களைப் பற்றித் தமிழில் ஒரு சிறுகதையாவது வந்திருக்கிறதா? வந்திருந்தால் வாசகர்கள் எனக்குத் தெரிவியுங்கள்.

பாலாறு தொடர்பான இழப்பீட்டு வழக்கில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பும் வந்திருக்கிறது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே ஒரு தலைமுறையே வளர்ந்து ஆளாகிவிட்டது. நீளமானது, நிதானமாகப் படிக்க எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆற்றைப் பற்றி ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ‘என் பெயர் பாலாறு’ ஆவணப்படத்தை மறுபடியும் பார்த்தேன். ஆற்றை ஓர் ஆளாக நினைத்துக்கொண்டு கூடவே நடக்கிற படம். கழிவு, மணல் கொள்ளை, வறண்ட படுகை என்று மனசு கனக்கும். ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டிய படம். 2021 நவம்பர் வெள்ளத்தில்தான் பாலாறு கரைபுரண்டு ஓடுவதை நம் பிள்ளைகள் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

ஆற்றங்கரை ஊர்கள் என்றால் மு.வ.வையும் சொல்ல வேண்டும். அவருடைய ‘அகல் விளக்கு’ நாவல் இதே வட்டாரத்தில் தொடங்குகிறது, வாலாசாவில். 1961இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அறிவுரை கொஞ்சம் தூக்கல்தான். வேலையனும் சந்திரனும் சிறுவர்களாக இருக்கும் பகுதிகள் மட்டும் இன்றும் குளிர்ச்சியாக இருக்கின்றன.

வேலூர்க் கோட்டைக்கு வருவோம். 1806 ஜூலை 10 அன்று அங்கே நடந்த சிப்பாய்ப் புரட்சி பற்றிக் கா.அ. மணிகுமார் ஆங்கிலத்தில் எழுதிய நூலை இந்த மாதம் முடித்தேன். தோலைத் தேடிப் போனவனுக்கு அங்கேயும் தோல் கிடைத்தது. ஆங்கிலேயர் தங்கள் சிப்பாய்களுக்குக் கொடுத்த புதுத் தலைப்பாகையில் தோல் குஞ்சம் வைத்திருந்தார்கள். நெற்றிக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி வைக்கக் கூடாது என்றும் உத்தரவு. அந்த மே மாதமே தலைப்பாகையை மறுத்தவர்களுக்குக் கசையடி விழுந்தது. இரண்டு மாதத்தில் கோட்டை எழுந்தது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் செத்தார்கள். தலைப்பாகையால் வந்த கலகம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் சொல்லித் தாண்டிவிடுகிறோம். சம்பளக் குறைவு, மேலே போக வழியில்லாத நிலைமை, பாளையக்காரர் போர்களின் சூடு ஆறாத காலம், கோட்டைக்குள்ளேயே காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த இரவு புரியும் என்பது என் எண்ணம்.

தலைக்கு வந்த தோலை விட்டுக் காலுக்கு வந்தால், நம் மண்ணின் எழுத்தாளர் அழகிய பெரியவன் இருக்கிறார். பேரணாம்பட்டுக்காரர். ‘தகப்பன் கொடி’யும் ‘வல்லிசை’யும் எழுதியவர். அவருடைய ‘குறடு’ சிறுகதையைப் படித்துவிட்டு, அதை வைத்துப் பொன். சுதா எடுத்த ‘நடந்த கதை’ குறும்படத்தையும் பார்த்தேன். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு எதிராக ஒருவன் கால் எடுத்து வைப்பதுதான் கதை. கூடவே வெற்றிமாறனின் ‘அசுரன்’ படத்தில், செருப்புப் போட்டதற்காக மாரியம்மாளை அடித்து, அந்தச் செருப்பைத் தலையில் வைத்து நடக்க விடுகிற கட்டத்தையும் திரும்பப் பார்த்தேன். தோலை உரித்து, ஊறவைத்து, பதனிட்டு, தைத்துக் கொடுத்த சாதிகளின் காலில்தான் செருப்பு இருக்கக் கூடாது என்றார்கள். ஆம்பூரில் உட்கார்ந்து இதைப் பார்க்கும்போது கோபம் அடங்க நேரமாகிறது.

ஷூ விற்றவர் பக்கத்துக் கதை ஒன்றையும் படித்தேன். நைக்கி கம்பெனியை ஆரம்பித்த ஃபில் நைட்டின் ‘ஷூ டாக்’ விறுவிறுப்பான புத்தகம். ஜப்பானிலிருந்து ஷூ இறக்கி, காரில் வைத்து விற்று, கடன்மேல் கடன் வாங்கி மேலே வந்த கதை. பயிற்சியாளர் பௌவர்மன் வீட்டு வாஃபிள் அச்சில் ரப்பரை ஊற்றி ஷூ அடிப்பாகம் செய்து பார்க்கிற இடம் அருமை. ஆனால் தொழிற்சாலைகளில் நடந்த கொடுமைகள் பற்றி எழுந்த குற்றச்சாட்டுகளுக்குக் கடைசிப் பக்கங்களில்தான் இடம் கிடைக்கிறது. தைத்த கைகளில் ஒன்றின் பெயர்கூட என் நினைவில் நிற்கவில்லை.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மஜித் மஜிதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’. 1997இல் வந்த ஈரான் படம். 2022இல் சாமி இதைத் தமிழில் ‘அக்கா குருவி’ என்று எடுத்தார். தங்கையின் ஷூவைத் தொலைத்துவிட்ட அண்ணன், தன் ஒரே ஷூவை அவளோடு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறான். பக்கத்து வீட்டு அக்காவும் பார்க்க வந்திருந்தார். ஷூ கம்பெனியில் குளோசிங் பிரிவில், அதாவது ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற பிரிவில், அவருக்கு வேலை.

படம் செருப்புத் தைக்கிற ஒருவரின் கைகளில் தொடங்குகிறது. கிழிந்துபோன சின்ன ரோஸ் நிற ஷூ. கறுத்த விரல்கள் ஊசியைக் குத்தி, நூலை இழுத்து, மறுபடி குத்துகின்றன. படத்தில் வேலை பார்த்தவர்களின் பேரெல்லாம் அதன்மேல்தான் ஓடுகிறது. நான் பேர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பொறுமையா தைக்கறாரு பாரு தம்பி. அந்த இடத்துல தோலு செத்துப்போச்சி, நூலு நிக்காது. அதான் உள்ள தள்ளிக் குத்தறாரு.”

படம் முடிகிற வரைக்கும் அக்கா பிள்ளைகளின் முகத்தைவிட ஷூவைத்தான் அதிகம் பார்த்தார். அடிப்பாகம் பிரிகிற இடத்தில், ஓடினால் அங்கேதான் பிரியும் என்று முன்கூட்டியே சொன்னார். பந்தயத்தில் மூன்றாம் பரிசான ஷூவுக்காக ஓடிய பையன் முதலாவதாக வந்துவிட்டு அழுகிறபோது அக்காவும் அழுதார். தேநீர் குடிக்கும்போது தன் வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஒருத்தர் விளிம்பைச் சீவி மெலிதாக்க, இன்னொருத்தர் பசை தடவி மடிக்க, அடுத்தவர் தைக்க என்று வரிசையில் அப்பர் நகர்ந்துகொண்டே போகும். மணிக்கு இத்தனை ஜோடி என்று பலகையில் எழுதியிருக்கும்.

“இத்தினி வருசமா ஷூ கம்பெனில இருக்கேன்னு பேரு. ஒரு முழு ஷூ நான் தெச்சதே இல்ல தம்பி. டங் மட்டுந்தான், கயித்துக்கு அடியில இருக்குமே அந்த நாக்கு. அது எந்த ஷூவுல போய் ஒக்காருது, எந்த ஊர்ல யார் கால்ல போவுதுன்னு ஒண்ணும் தெரியாது.”

“இதையெல்லாம் எழுதி வைங்களேன் அக்கா.”

“எழுதலாம். நைட்டு எட்டு மணிக்கு மேல வந்து, சோறாக்கிட்டு, எப்ப எழுதறது?”

சென்னை நண்பரிடம் ‘தோல்’ படியுங்கள், அழகிய பெரியவனைப் படியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆம்பூரின் குளோசிங் லைனில் உட்கார்ந்து எழுதின நாவல் இன்னும் என் கண்ணில் படவில்லை என்றும் சொன்னேன். இதைப் படிக்கிறவர்களில் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை பார்க்கிறவர்கள், பார்த்து ஓய்ந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நோட்டில் எழுதி வைத்திருந்தாலும் சரி, போனில் பேசிப் பதிவு செய்திருந்தாலும் சரி, இந்த இதழின் முகவரிக்கு என் பேருக்கு அனுப்புங்கள். பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம். உருதுவில் இருந்தாலும் பரவாயில்லை, படித்துச் சொல்ல வாணியம்பாடியில் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். தட்டச்சு செய்து தருவது என் பொறுப்பு. அக்காவின் பேச்சை ஞாயிறுதோறும் பதிவு செய்யத் தொடங்கிவிட்டோம்.

(தொடரும்)