பல்பு என்னவோ பளிச்... ரோடு ஏன் தெரியலை?

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக, சித்தப்பாவின் பழைய காரில் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் கிளம்பினோம். முதல் நாள்தான் ஹெட்லைட்டில் இருந்த ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை வெளேர் எல்.ஈ.டி மாட்டியிருந்தார். ''பகல் மாதிரி இருக்கு பாரு'' என ஒரே பெருமை.

எதிரில் வந்தவர்கள் எல்லாம் 'டிம் பண்ணுங்க' என்று லைட்டைச் சிமிட்டிக்கொண்டே போனார்கள். ஆனால், சித்தப்பா ஏற்கெனவே டிம்மில்தான் வைத்திருந்தார்! அய்யம்பேட்டை தாண்டியதும், இடது ஓரமாக சைக்கிளில் போன பெரியவர் ஒருவர், கிட்டே நெருங்கும்வரை எங்கள் கண்ணில் படவே இல்லை. சடன் பிரேக். கொஞ்ச நேரம் காரில் யாருமே பேசவில்லை.

ஊர் திரும்பியதும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் வண்டியை விட்டோம். அவர் முதலில் எடுத்துக் காட்டியது, கழற்றிப்போட்ட பழைய பல்பைத்தான். 'ஹெச்4' வகை. உள்ளே இரண்டு ஃபிலமென்ட்கள்: பிரைட்டுக்கு 60 வாட்ஸ், டிம்முக்கு 55 வாட்ஸ். டிம் ஃபிலமென்ட்டுக்குக் கீழே மட்டும் குட்டியாக ஓர் உலோகக் கிண்ணம். விஷயமே அதில்தான் இருக்கிறது.

பல்புக்குப் பின்னால் பளபளவென இருக்கிறதே ரிஃப்ளெக்டர், அதன் வளைவுக்கு ஒரு குவிமையம் உண்டு. அங்கிருந்து கிளம்பும் வெளிச்சம் நேராக, தூரமாகப் போகும். பிரைட் ஃபிலமென்ட் இருப்பது அங்கேதான். டிம் ஃபிலமென்ட் அதற்குச் சற்று முன்னால் இருக்கும். அதன் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் பட்டால் ரோட்டைப் பார்த்து இறங்கும். கீழ்ப்பாதியில் பட்டால் மேலே ஏறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அந்தக் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் மறைப்பதுதான் குட்டிக் கிண்ணத்தின் வேலை. அதன் ஒரு விளிம்பு 15 டிகிரி சாய்ந்திருக்கும். அதனால், நம் ஊர் வண்டிகளில் இடதுபக்கம் மட்டும் வெளிச்சம் கொஞ்சம் மேலேறும். ஓரமாக நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் தெரிவது அதில்தான். எனக்கு உடனே அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தது.

சித்தப்பா வாங்கிய எல்.ஈ.டி-யில் சுருள் கம்பி கிடையாது. தட்டையான பட்டையின் இரண்டு பக்கமும் சில்லுகள். ஃபிலமென்ட் இருந்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலே, ரிஃப்ளெக்டர் வெளிச்சத்தை வேறெங்கோ அனுப்பிவிடும். இன்னொரு சிக்கல், பம்பருக்கு முன்னாலேயே ரோடு பளீரென்று இருந்தால் நம் கண்மணி சுருங்கி, தூரம் இன்னும் இருட்டாகத் தெரியும். 'பகல் மாதிரி' என சித்தப்பா நினைத்தது இதைத்தான்!

எல்.ஈ.டி மேல் குற்றமில்லை. கம்பெனியிலிருந்தே எல்.ஈ.டி-யோடு வரும் வண்டிகளில், ரிஃப்ளெக்டரும் லென்ஸும் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டிருக்கும். அந்தக் கால அம்பாசடரில் ஹெட்லைட் கண்ணாடியில் வரிவரியாக இருக்குமே... அதுவும் அழகுக்கு அல்ல, வெளிச்சத்தைப் பிரித்து அனுப்பத்தான்.

உங்கள் காரிலும் சோதிக்கலாம். சமதளத்தில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி டிம்மைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோடு போட்டதுபோல வெட்டி நிற்க வேண்டும். ஹெச்4 பல்பு என்றால், கோடு வலதுபக்கம் சமமாகவும் இடதுபக்கம் ஏறியும் இருக்கும். சித்தப்பா காரில் கோடே இல்லை. சுவர் முழுக்க வெள்ளை.

பழைய வகை பல்பையே புதிதாக வாங்கி மாட்டினார் எலெக்ட்ரீஷியன், கண்ணாடியில் விரல் படாமல். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டினால் அந்த இடம் மட்டும் அதிகம் சூடாகி, பல்பு சீக்கிரம் போய்விடுமாம். மறுபடி சுவரில் அடித்துப் பார்த்தோம். மஞ்சள் வெளிச்சம்தான். ஆனால், கோடு வந்துவிட்டது.