"பையன் வளரவில்லையே!" தாராவி வீட்டுக் கதவு சொன்ன கணக்கு

மத்திய ரயில்வேயின் புறநகர் நிலையம் ஒன்று. டிக்கெட் கவுண்டரில் காலை நேரத்துக் கூட்டம். "தாதருக்கு ரெண்டு ரிட்டர்ன்" என்று இந்தியில் கேட்டுப் பணத்தை நீட்டினார் தமிழர் ஒருவர். உள்ளே இருந்தவர் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்தார். ஒரு முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் வந்து விழுந்தன.

ரயிலில் அரை டிக்கெட் என்பது 12 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு. பக்கத்தில் நின்ற பையனுக்கோ 15 வயது ஆகப் போகிறது. பத்தாம் வகுப்பு படிக்கிறான்.

தகப்பனார் அரை டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து முழு டிக்கெட் வாங்கினார். கவுண்டர்காரரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏதோ நல்லது செய்வதாகவே நினைத்திருப்பார். ஆனால் தாதர் வந்து சேரும் வரையில் பையன் வாயைத் திறக்கவில்லை. பள்ளி ஆண்டு விழாவுக்குச் சட்டை வாங்கத்தான் போனார்கள். "எதுவும் வேண்டாம்ப்பா, வீட்டுக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டான்.

தகப்பனார் கோட்டைப் பகுதியில் கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் கிளார்க். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். 1995-ல் பதினேழு வயதில் பம்பாய் வந்தவர். பல வருஷங்கள் தாராவியில் ஒரே அறையில் குடும்பம் நடத்தி, மூன்று வருஷத்துக்கு முன்புதான் டோம்பிவிலிப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்துப் போனார். ஒரே மகன்.

கொடை விழாவில் கிளம்பிய பேச்சு

அதற்கு முந்திய மே மாதம் ஊர்க் கொடைக்குப் போயிருந்தபோதுதான் இந்தக் கவலை ஆரம்பமாயிற்று. பெரியப்பா மகன் இவனை விட மூன்று மாதம் இளையவன். அவனுக்கு அரும்பு மீசை வந்து, குரல் உடைந்து, இவனை விட ஒரு தலை உயரம் நின்றான். இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்காத ஆள் ஊரில் கிடையாது. "என்னய்யா, பம்பாய்த் தண்ணி ஒத்துக்கலியா? போன கொடைக்குப் பார்த்தாப்லயே இருக்க" என்றார் அத்தை. கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்ற பழமொழியைச் சொல்லி ஒரு பெரியவர் சிரித்தார். சொன்னவர் மறந்து போனார், கேட்ட பையன் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே அவனுக்கு "டிங்கூ" என்று பெயர்.

மும்பை திரும்பியதும் செலவு தொடங்கிற்று. பாலில் கலக்கும் சாக்லேட் நிறப் பவுடர் மாதம் இரண்டு டின். நடைவழியில் இரும்புக் கம்பி கட்டிக் காலையிலும் மாலையிலும் பையனைத் தொங்கச் சொன்னார்கள். தொங்கித் தொங்கி உள்ளங்கையில் காய்ப்புக் கண்டதுதான் மிச்சம். லோக்கல் ரயில் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் "உயரம் வளர" விளம்பரங்களைத் தினம் பார்க்கிறோம். அவற்றில் ஒன்றின் மாத்திரையும் மூன்று மாதம் ஓடியது. கடைசியில் ஒரு சந்து டாக்டர், வாரம் ஒரு ஊசி வீதம் பத்து ஊசி போட்டால் போதும், பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆகும் என்றார். ஆபீஸ் சொசைட்டியில் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் தகப்பனார்.

அவர் பதறியதற்குக் காரணம் இருக்கிறது. பையனுக்கு ரயில்வே பாதுகாப்புப் படையில் சேர ஆசை. அதில் ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 165 செ.மீ., அதாவது 5 அடி 5 அங்குலம். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 160. தமிழ்நாடு போலீஸ் என்றால் 170 செ.மீ. கேட்கிறார்கள். இவனோ 149. இடம் பெயர்ந்து வந்து பிழைக்கிற குடும்பத்தில் மகனுக்கு ஒரு சர்க்கார் உத்தியோகம் என்றால் என்ன என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஊசி விஷயத்தில் குறுக்கே நின்றவர் தாயார். "ஏங்க, என்ன மருந்துன்னே தெரியாம பிள்ளை உடம்புல ஏத்தவா? ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரியில காட்டிட்டு அப்புறம் பாப்போம்" என்றார். மேல்மாடியில் குடியிருக்கும் கேரளத்து நர்ஸ் அம்மாவும் அதையே சொன்னார். பொங்கல் கழிந்த வாரம் மூவரும் பரேலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் கேட்ட கேள்வி

அங்கே இருந்த பெண் டாக்டர் பையனின் உயரத்தை அளந்தார். பெற்றோர் இருவரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி அளந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "போன வருஷம் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தான்? அதற்கு முந்தின வருஷம்?"

ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஏழு மாதம் பவுடரும் மாத்திரையும் கொடுத்தவர்கள் ஒரு தடவைகூட ஒழுங்காக அளந்து எழுதி வைக்கவில்லை.

உயரத்தைவிட உயரும் வேகமே முக்கியம் என்பது குழந்தை மருத்துவத்தின் பாலபாடம். பள்ளி வயதுப் பிள்ளை, பருவம் வரும் முன்பு, வருஷத்துக்கு 5 அல்லது 6 செ.மீ. வளரும். பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இந்த வேகம் கொஞ்சம் குறைவதும் உண்டு. பருவம் வந்ததும் பையன்கள் குதித்து எழும்புகிறார்கள். அந்த உச்சத்தில் ஒரே வருஷத்தில் 9, 10 செ.மீ. கூட வளரலாம். இந்தக் குதிப்பு ஒருவனுக்கு 12 வயதில் வரும், இன்னொருவனுக்கு 15 தாண்டி வரும். ஆகவே பதினான்கு, பதினைந்து வயதில் இரண்டு பையன்களைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதைப் போல ஏமாற்றும் காரியம் வேறில்லை. புறப்பட்டுவிட்ட ரயிலையும் பிளாட்பாரத்தில் நிற்கிற ரயிலையும் ஒப்பிடுகிற மாதிரிதான் அது.

டாக்டர் கேட்டதும் தாயாருக்குத்தான் நினைவு வந்தது. தாராவி வீட்டில் ஒவ்வொரு பொங்கலன்றும் பையனைக் கதவு நிலையோடு ஒட்டி நிறுத்தி, தலைக்கு மேல் கத்தி முனையால் ஒரு கோடு கீறுவது அவருடைய வழக்கம். தை மாதம் பிறந்த பிள்ளை. பிறந்த நாள் கொண்டாட்டம் என்றால் அந்தக் கோடுதான். டோம்பிவிலிக்கு வந்த பிறகு, வாடகை வீட்டு வார்னிஷ் கதவில் கீற வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார் என்று விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகப்பனார் டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்லோ லோக்கலில் சயானில் இறங்கித் தாராவிக்கு நடந்தார். பழைய வீட்டில் இப்போது ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும், "உள்ளே வாங்கண்ணே" என்று டீ கொடுத்து உட்கார வைத்தார். கதவு நிலைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதனால் என்ன? கத்திக் கீறல் பெயின்டுக்கு அடியிலும் விரலில் தட்டுப்பட்டது. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஐந்து கோடுகள்.

ஆனால் ஒரு சிக்கல். புதிய குடித்தனக்காரர் தரையில் டைல்ஸ் போட்டிருந்தார். தரை ஓர் அங்குலம் உயர்ந்துவிட்டது. கீழிருந்து அளந்தால் கணக்குத் தப்பும். தகப்பனார் சிறிது நேரம் திகைத்து நின்றுவிட்டு, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் அளந்தார். 5, 5, 4½, 4½ சென்டிமீட்டர். டாக்டர் கேட்டதும் இந்த இடைவெளியைத்தான். தரை எப்படிப் போனால் என்ன, கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம் மாறாது. டைல்ஸின் கனத்தையும் கூட்டிப் பார்த்தால் கடைசிக் கோடு 136 செ.மீ. அதற்குப் பிறகு மூன்று வருஷத்தில் 13 சென்டிமீட்டர் ஏறி 149 ஆகியிருக்கிறது. மெதுவான வளர்ச்சிதான். ஆனால் ஒரு வருஷமும் நிற்கவில்லை.

இடது கையின் எக்ஸ்ரே

கை, கால்களின் நீண்ட எலும்புகளில் நுனிக்குச் சற்று உள்ளே மெல்லிய குருத்தெலும்புப் பட்டை இருக்கிறது. எலும்பு நீளுவது அந்த இடத்தில்தான். பருவம் முடியும் தறுவாயில் அது கெட்டியாகி மூடிக்கொள்ளும். மூடிய பிறகு பவுடர், மாத்திரை, ஊசி எதுவும் ஒரு நூல்கூட ஏற்றாது. கம்பியில் தொங்குவதால் எந்த வயதிலும் எலும்பு நீளாது. அந்தப் பட்டை எந்த நிலையில் இருக்கிறது என்பதை இடது கை மணிக்கட்டின் எக்ஸ்ரே காட்டிவிடும். இதற்கு "எலும்பு வயது" என்று பெயர்.

இந்தப் பையனுக்கு வயது 15. எலும்பு வயதோ பன்னிரண்டரை. ரத்தச் சோதனையில் சோகை இல்லை, தைராய்டு சரி, சிறுநீரகம் சரி. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் வடக்கே அதிகம், அதற்கும் பார்த்தார்கள், இல்லை. டாக்டர் உடலைப் பரிசோதித்துவிட்டு, பருவம் இப்போதுதான் தொடங்குகிறது என்றார். பையன்களுக்குப் பருவத்தின் முதல் அடையாளம் மீசை அல்ல, விரை பெரிதாவதுதான். மீசையும் குரலும் பின்னால் வருபவை. பெற்றோருக்கு இது தெரியாது, பையனும் வெட்கத்தில் சொல்ல மாட்டான்.

"உங்களுக்கு எப்போது உயரம் வந்தது?" என்று தகப்பனாரைக் கேட்டார் டாக்டர். வேலைக்குச் சேர்ந்த வருஷம் தீபாவளிக்குத் தைத்த பேன்ட், அடுத்த தீபாவளிக்குக் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்ட கதையை அவர் சொன்னார். அப்போது அவருக்கு வயது 18. முப்பது வருஷமாக மறந்திருந்த சங்கதி. தாமதமாக வளர்வது சில குடும்பங்களின் வாகு. இது நோயல்ல.

சந்து டாக்டரின் ஊசியைப் பற்றியும் கேட்டார்கள். டாக்டரின் முகம் மாறிவிட்டது. இப்படிப்பட்ட ஊசிகளில் ஆண்மைச் சுரப்பு மருந்துகள் கலந்திருப்பதுண்டு. போட்டதும் சில மாதம் பையன் சடசடவென்று வளருவான், வீட்டார் மகிழ்ந்து போவார்கள். ஆனால் எலும்புப் பட்டை சீக்கிரமாக மூடி, வரவேண்டிய உயரமும் வராமல் போய்விடும். சொசைட்டிக் கடன் இன்னும் மஞ்சூர் ஆகாமல் இருந்தது அந்தக் குடும்பத்தின் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

எல்லாப் பையன்களையும் இப்படிக் காத்திருக்கச் சொல்ல முடியாது. வருஷத்துக்கு 4 செ.மீ.க்கும் குறைவாக வளருகிறவன், 14 வயது முடிந்தும் பருவத்தின் அடையாளமே இல்லாதவன், தாய் தகப்பன் உயரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் குட்டையாக இருப்பவன், அடிக்கடி தலைவலி, பார்வைக் கோளாறு, ஓயாத வயிற்றுப்போக்கு, மந்தம், மலச்சிக்கல் என்று ஏதாவது சேர்ந்து வருபவன், இவர்களை உடனே காட்ட வேண்டும். தைராய்டு குறைவு என்றால் மலிவான மாத்திரையிலேயே வளர்ச்சி திரும்பும். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவில்லை என்றால் ஊசி உண்டு. கால்பந்து வீரர் மெஸ்ஸி சிறு வயதில் போட்டுக்கொண்டது இதுதான். தினமும் இரவில், சில வருஷங்கள், மாதம் பல ஆயிரம் ரூபாய்ச் செலவில் போட வேண்டியது. ஒரு காலத்தில் இந்த மருந்தை இறந்தவர்களின் சுரப்பியிலிருந்துதான் எடுத்தார்கள். அதன் மூலம் கொடிய மூளை நோய் பரவியது 1985-ல் தெரிய வந்து அதை நிறுத்தினார்கள். இப்போது வருவது ஆய்வுக்கூடத்தில் தயாராவது. எதுவானாலும் எலும்புப் பட்டை மூடும் முன்னால் போனால்தான் பலன். பெண் பிள்ளை குட்டையாக இருந்தால் நம்மவர்கள் "பரவாயில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அதுவும் தவறு. பெண்களுக்கு மட்டுமே வரும் டர்னர் என்ற குரோமோசோம் குறை முதலில் தெரிவதே குட்டை உயரத்தில்தான்.

165-க்கு இன்னும் எவ்வளவு?

பெற்றோர் உயரத்திலிருந்து மகனின் உயரத்தை மதிப்பிட ஒரு கணக்கு இருக்கிறது. இருவர் உயரத்தையும் கூட்டி, அதோடு 13 செ.மீ. சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். மகளுக்கென்றால் 13-ஐக் கழிக்க வேண்டும். தகப்பனார் 163, தாயார் 150. ஆக மகனுக்கு 163 வருகிறது. அதற்கு மேலேயோ கீழேயோ 8 செ.மீ. வரை போகலாம்.

படைக்கு வேண்டியது 165. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். டாக்டர் இதை மறைக்காமல் பையனிடமே சொன்னார். மருந்து எதுவும் எழுதவில்லை. முட்டை, பருப்பு, கடலை, பால், ஒழுங்கான தூக்கம், இவ்வளவுதான். டியூஷன் முடிந்து இரவு பதினொன்றரைக்குப் படுக்கிற பையனுக்குத் தூக்கம்தான் பெரிய மருந்தாகத் தோன்றுகிறது. வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

திரும்பும் வழியில் தகப்பனார் மகனைத் தேற்றப் பார்த்தார். கவாஸ்கரும் டெண்டுல்கரும் இதே பம்பாய்க்காரர்கள், இருவருமே 5 அடி 5 அங்குலம்தான் என்றார். "அவங்க யாரும் ஆர்.பி.எஃப்.ல சேரலியேப்பா" என்றான் பையன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் மூவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

இரும்புக் கம்பியில் இப்போது துணி காய்கிறது. பவுடர் டின்களில் தாயார் உளுந்தும் கடுகும் போட்டு வைத்திருக்கிறார். வீட்டுக்காரரிடம் கேட்டு, கதவுக்குப் பதிலாகச் சமையலறைச் சுவரில் பென்சிலால் கோடு போட அனுமதி வாங்கியாயிற்று. செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் ஒட்ட, தலைமேல் தடித்த புத்தகத்தைச் சுவரோடு மடக்கி வைத்து, காலை வேளையில்தான் அளக்கிறார்கள். மாலையில் முதுகெலும்பு அமுங்கி ஒரு சென்டிமீட்டர் வரைகூடக் குறைத்துக் காட்டும்.

ஜனவரிக் கோடு 149. ஜூலைக் கோடு 152½. படைக்கு மனுப் போடும் வயது 18 ஆக இன்னும் இரண்டரை வருஷம் இருக்கிறது. உயரம் கேட்காத ரயில்வே வேலைகள் எவை எவை என்று பையனே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறான். முதல் வரியில் இருப்பது என்ஜின் டிரைவர்.