நாற்பத்திரண்டில் பதினேழு போக எவ்வளவு?

இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் 42 − 17 = 35 என்று இருக்கிறது. தப்பு என்று அடிப்பதற்கு முன், எப்படிப் போட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல ஒண்ணு போனா மூணு" என்று தயங்காமல் பதில் வரும். இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது அநியாயம். பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க முடியும் என்று நாம்தான் சொல்லிக் கொடுத்தோம். பிள்ளை அதை அப்படியே கடைப்பிடித்திருக்கிறது. கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தவறுகளை ஆராய்ந்து ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இல் எழுதியதும் இதைத்தான்: பல தவறுகள் தாறுமாறாக வருவதில்லை, பிள்ளை மனதில் வைத்திருக்கும் ஒரு பிசகான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகின்றன. அந்த விதியைக் கண்டுபிடிக்காமல் இன்னும் இருபது கணக்கு போடச் சொன்னால், அதே தவறு இருபது முறை பழகும்.

அடுத்த சிக்கல் 'கடன்' என்ற சொல்லில் இருக்கிறது. "பக்கத்துல கடன் வாங்கு" என்றுதான் பெரும்பாலான வீடுகளில் சொல்லித் தருகிறோம். கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். இங்கே யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. அதுமட்டுமா, ஒன்று கேட்டால் பத்து கிடைக்கிறது! தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதற்கு வைத்திருக்கும் 'இனமாற்றம்' என்ற பெயர் எனக்கு மிகவும் பிடித்தது. நடப்பதை உள்ளபடி சொல்லும் பெயர் அது. பத்து என்ற இனம் ஒன்று என்ற இனமாக மாறுகிறது, அவ்வளவுதான். அமெரிக்க, சீன ஆசிரியர்களை ஒப்பிட்டு லிபிங் மா 1999இல் வெளியிட்ட நூலிலும் முதல் பாடம் இந்தக் கழித்தல்தான். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் 'கடன்' என்று சொல்லாமல், பெரிய அலகு ஒன்றைப் பிரிப்பதாக விளக்கினார்கள். வீட்டில் சொல்வதற்கு இன்னும் எளிய சொல் நம்மிடம் இருக்கிறது: சில்லறை மாற்றுவது.

ஆனால் சொல்லை விடக் கை முக்கியம். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடச் சொல்லுங்கள். கட்டுவது பிள்ளையாகவே இருக்கட்டும். தான் கட்டிய கட்டுக்குள் பத்துதான் இருக்கிறது என்று அதற்குச் சந்தேகமில்லாமல் தெரியும். நாலு கட்டும் இரண்டு உதிரியும் தரையில் இருக்கின்றன. இதிலிருந்து பதினேழு எனக்கு வேண்டும், முதலில் ஏழு உதிரிக் குச்சி கொடு என்று கேளுங்கள். இரண்டுதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், நீங்களாக வழி சொல்லாதீர்கள். பிள்ளையின் கண் தானே கட்டுகளின் பக்கம் போகும். ஒரு கட்டைப் பிரிக்கலாமா என்று அதுவே கேட்கும்.

பிரித்த அந்த நொடியில், எதையும் எடுப்பதற்கு முன், ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இப்போ மொத்தம் எத்தனை குச்சி?" சில பிள்ளைகள் முதலிலிருந்து எண்ணும். சில பிள்ளைகள் ஐம்பத்திரண்டு என்று சொல்லும், பத்து புதிதாக வந்து சேர்ந்துவிட்டது போல. எண்ணாமலேயே "அதே நாற்பத்திரண்டுதான்" என்ற பதில் வரும்வரை தாளையும் பென்சிலையும் எடுக்க வேண்டாம். பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதில் தமிழும் உங்களுக்குத் துணை. நாற்பத்திரண்டு என்ற சொல்லுக்குள்ளேயே நான்கு பத்தும் இரண்டும் இருக்கின்றன. இப்போது அது முப்பதும் பன்னிரண்டும். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு, மீதி இருபத்தைந்து.

பிறகு தாளில் எழுதும்போது குச்சியும் பக்கத்திலேயே இருக்கட்டும். கட்டைப் பிரித்ததும் 4ஐ அடித்து 3, இரண்டை அடித்து 12. இரண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒன்றைச் செருகு என்று சொல்லாதீர்கள், 'பன்னிரண்டு' என்றே வாய்விட்டுச் சொல்லவையுங்கள்.

12 − 7, 13 − 8 போன்றவற்றில் பிள்ளை தடுமாறினால், பெரிய கணக்கை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பழக்க வேண்டும். பன்னிரண்டைப் பத்தாகவும் இரண்டாகவும் பார்த்து, பத்தில் ஏழு போக மூன்று, அதோடு அந்த இரண்டு என்று காட்டினால் விரல்களை நம்பியிருக்கத் தேவையில்லை.

நடுவில் பூஜ்யம் வரும்போதுதான் பல பிள்ளைகள் அழுகிறார்கள். 403 − 158ஐ எடுத்துக்கொள்வோம். பத்துகளின் இடத்தில் ஒன்றும் இல்லை, யாரிடம் போய் மாற்றுவது? ரூபாயை எடுங்கள். நான்கு நூறு ரூபாய் நோட்டு, மூன்று ஒரு ரூபாய் நாணயம். நூற்றைம்பத்தெட்டு ரூபாய் கொடுக்க வேண்டும். எட்டு நாணயத்துக்கு வழியில்லை, பத்து ரூபாய் நோட்டும் இல்லை. ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாய் நோட்டாக மாற்றுகிறோம். அதில் ஒரு நோட்டைப் பத்து நாணயமாக மாற்றுகிறோம். இப்போது கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பதிமூன்று நாணயம். பூஜ்யம் ஏன் 9 ஆனது என்பதைப் பிள்ளை தன் கையாலேயே எண்ணிப் பார்த்துவிட்டது. மீதி 245.

இது பழகியபின் ஒரு குறுக்குவழியும் காட்டலாம். நானூற்று மூன்றில் நாற்பது பத்துகள் இருக்கின்றன. அதில் ஒன்றை மாற்றினால் முப்பத்தொன்பது. 40ஐ மொத்தமாக அடித்து 39 என்று எழுதிவிடலாம்.

கொஞ்ச நாள் கழித்து 58 − 23ஐயும் இடையில் கொடுங்கள். மாற்றத் தேவையே இல்லாத இடத்திலும் பழக்கத்தில் அடித்து எழுதும் பிள்ளைகள் உண்டு. "ஒன்றுகள் போதுமா?" என்று முதலில் கேட்டுக்கொள்ளப் பழக்கினால் அது தீரும், பெரியது சின்னது என்ற பழைய விதியின் இடத்தையும் இந்தக் கேள்வியே பிடித்துக்கொள்ளும். எந்தக் கணக்கிலும் விடை வந்ததும் சரிபார்க்கப் பழக்குங்கள்: 42 − 17 என்றால் 25ஐயும் 17ஐயும் பிள்ளையே கூட்டிப் பார்க்கட்டும். 42 வந்தால் சரி. வராவிட்டால் குச்சிக் கட்டு பக்கத்திலேயே இருக்கிறது.