மாரிக்கு முன் ஒரு நடைபாலம்



ஐப்பசி மழை பிடித்தால் எமது வன்னிக் கிராமங்களில் வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையில் ஓர் எல்லை விழுந்துவிடுகின்றது. கோடையில் மாடு படுத்துக் கிடந்த வறண்ட ஓடை, மாரியில் இடுப்பளவு, சில வேளை நெஞ்சளவு வெள்ளமாகி விடும். வடகீழ்ப் பருவமழை ஓயும் தை மாதம் வரை பிள்ளைகளின் படிப்பும் நோயாளியின் மருந்தும் அந்த ஓடையின் தயவிலேயே தங்கியிருக்கும்.

கிளிநொச்சி மாவட்டத்தில் 2010 இல் மீளக்குடியேறிய ஒரு குடும்பத்தை நான் அறிவேன். வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். றோட்டும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இந்தப் பக்கம். முன்னர் இருந்த மரப்பாலம் யுத்த காலத்தோடு போய்விட்டது. அந்த மாரியில் ஓர் இரவு, நிறைமாதக் கர்ப்பிணியான மகளுக்கு வலி கண்டது. கதிரையில் இருத்தி நாலு பேர் தோளில் தூக்கி, கயிற்றைப் பிடித்தபடி வெள்ளத்தைக் கடந்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னர் உழவு இயந்திரப் பெட்டியிலேயே பிள்ளை பிறந்தது. தாயும் சேயும் தப்பியது பெரிய காரியம். மறுநாள் அந்த வீட்டு ஆச்சி என்னைக் கண்டதும் சொன்னார்: "சுவாமி, செல்லடிக்குத் தப்பி வந்த பிள்ளையை இந்த ஓடைக்குக் குடுக்கப் பாத்தமே."

அந்த ஒரு சொல்தான் எம்மைப் பாலம் கட்ட வைத்தது.

நாம் விட்ட பிழை

2011 இல் சிரமதானமாக ஒரு பாலம் போட்டோம். அவசரப்பட்டவன் நான்தான். ஓடை எங்கே ஒடுக்கமோ அங்கே பனந்தீராந்திகளைப் போட்டு, வெள்ளம் கொண்டு போகாமல் இருக்க இரு கரையிலும் மரத்தோடு கம்பியால் இறுக்கிக் கட்டினோம். ஏழு மாரி தாங்கியது. 2018 மார்கழி 21 ஆம் திகதி இரவு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. வெள்ளத்தில் வந்த கொப்பும் வைக்கோலும் பாலத்தில் அடைத்துக்கொண்டன. பாலமே அணையாக மாறியது. போக வழியில்லாத தண்ணீர் கரையை அறுத்து, அக்குடும்பத்தின் வாழைத் தோட்டத்தில் ஒரு பகுதியையும் கொண்டு போனது. கடைசியில் பாலமும் போனது.

அடுத்த நாள் அந்த வீட்டுப் பெரியவர் கரையில் நின்ற மருத மரத்தைக் காட்டி, "பெருவெள்ளம் எண்டால் இந்தக் கணு மட்டும் வரும் சுவாமி. அண்டைக்கே சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். நீங்கள் கேக்கேல்லை" என்றார். உண்மை. அளவு நாடா பிடித்தோமே தவிர, அறுபது மாரி கண்டவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2019 இல் மீண்டும் கட்டியபோது அவரிடமிருந்துதான் தொடங்கினோம். அப்போது கற்றவற்றை இங்கே தருகின்றேன்.

மண்வெட்டி எடுக்குமுன்

மீளக்குடியேறிய இடமாயின், கண்ணிவெடி அகற்றி முடிந்ததாகக் கையளிக்கப்பட்ட காணிதானா என்று கிராம அலுவலரிடம் உறுதிசெய்யுங்கள். வெள்ளம் வெடிபொருளைப் புதிய இடத்துக்கு உருட்டிவரக்கூடும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். தடி நட்டு அடையாளமிடவும் வேண்டாம். வந்த வழியே திரும்பிப் போய் அறிவியுங்கள். ஓடையோ வாய்க்காலோ உங்கள் தனிச் சொத்தல்ல. கமக்காரர் அமைப்புக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் சொல்லிச் செய்வது பின்னால் வரும் வில்லங்கத்தைத் தவிர்க்கும். பனை தறிப்பதற்கும் அனுமதி வேண்டும்.

இடமும் உயரமும்

ஓடை நேராக ஓடும் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். வளைவின் வெளிப்பக்கக் கரையை வெள்ளம் எப்போதும் அறுக்கும். அங்கே எதைக் கட்டினாலும் நில்லாது. கரையில் நிற்கும் மருதையும் நாணலையும் வெட்டாதீர்கள். அவற்றின் வேர்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கின்றது.

பெரியவர்கள் காட்டும் வெள்ள மட்டத்திலிருந்து குறைந்தது 2 அடி உயரத்தில் பாலத்தின் அடிப்பக்கம் இருக்க வேண்டும். கொப்புகள் கீழால் போக இந்த இடைவெளி தேவை. தண்ணீரின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும் என்பதை மறவாதீர்கள்.

தீராந்தி

முற்றிய பனையின் பலம் அதன் வெளிப்புற வைரத்தில் இருக்கின்றது. நடுவிலுள்ள மென்மையான சோற்றுப் பகுதி தண்ணீரை உறிஞ்சி உக்கிவிடும். எனவே மரத்தை இரண்டாகப் பிளந்து, சோற்றை வழித்தெடுத்து, குழிந்த பக்கம் கீழே பார்க்க வையுங்கள். தண்ணீர் தேங்காது. பலகை பொருந்தும் இடங்களை மாத்திரம் வாச்சியால் இலேசாகச் செதுக்கினால் போதும்.

அரிந்த மரம் கிடைத்தால் அதை நிமிர்த்தி வையுங்கள். 2 அங்குலத்துக்கு 6 அங்குல மரத்தைப் படுக்க வைப்பதிலும் பார்க்க நிமிர்த்தி வைத்தால் மூன்று மடங்கு பாரம் தாங்கும். நீளத்திலும் கவனம் வேண்டும். இரு கரைக்கும் இடைப்பட்ட தூரம் இரு மடங்கானால், நடுவில் தாங்கும் பாரம் பாதியாகும். அதே பாரத்துக்குத் தொய்வு எட்டு மடங்காகும். ஆகவே 20 அடிக்கு மேற்பட்ட ஓடைக்குத் தாமாகவே கட்ட முனையாமல் பொறியியல் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள்.

எமது ஓடை 16 அடி அகலம். 22 அடி நீளமான மூன்று தீராந்திகளைப் போட்டோம். இரு கரையிலும் 3 அடி உள்ளே, கல் அடுக்கிச் சீமெந்து பூசிய மேடையில் அவை இருக்கின்றன. மரம் மண்ணைத் தொட்டால் கறையான் வரும், உக்கலும் வரும். முனைகளுக்குத் தார் பூசினோம்.

மரத்தை நனையாமல் காப்பதே அதன் ஆயுள். பதுளை மாவட்டத்தில் போகொடவில் கல்லந்த ஓயாவுக்கு மேலே முழுவதும் மரத்தாலான பழைய பாலம் ஒன்று நூற்றாண்டுகளாக நிற்கின்றது. அதற்கு மேலே ஓட்டுக் கூரை இருக்கின்றது. எமக்குக் கூரை போட வசதியில்லை. ஆனால் பலகைகளுக்கிடையில் அரை அங்குல இடைவெளி விட்டால் மழைநீர் வடிந்துவிடும். பலகையில் தார் பூசி அது காயுமுன் மணல் தூவினால் வழுக்காது. 3 அடி அகலமும், பிடித்து நடக்க 3 அடி உயரத்தில் ஒரு கைப்பிடியும் இருந்தால் சைக்கிளை உருட்டிச் செல்லலாம்.

ஒரு கரையில் மாத்திரம் கட்டுங்கள்

இதுதான் முக்கியமானது. பாலத்தின் ஒரு முனையைச் சங்கிலியால் பலமான மரத்தோடு பிணையுங்கள். மறு முனை முளைகளுக்கிடையில் சும்மா இருக்கட்டும். எதிர்பாராத வெள்ளம் வந்து பாலத்தைத் தூக்கினால், கட்டாத முனை விடுபட்டு, பாலம் கரையோரமாய்த் திரும்பிக் கிடக்கும். தண்ணீர் தன் வழியே போகும். வெள்ளம் வடிந்தபின் பத்துப் பேர் சேர்ந்து மீண்டும் தூக்கி வைக்கலாம். வெள்ளம் பலகையைத் தொட்டால் எவரையும் அதில் ஏற விடாதீர்கள்.

நெல்மூடையோடு ஒருவர் நடந்தால் ஏறத்தாழ 130 கிலோ. அதன் மூன்று மடங்கு பாரத்துக்கு, 50 கிலோ மண்மூடைகள் எட்டை நடுவில் அடுக்கி ஓர் இரவு விட்டுப் பார்த்தோம். தொய்வு ஓர் அங்குலத்துக்கு மேற்பட்டால் இன்னொரு தீராந்தி சேர்க்க வேண்டும். ஆண்டுதோறும் புரட்டாதியில் அலவாங்கு முனையால் தீராந்திகளைக் குத்திப் பாருங்கள். முனை இலேசாக இறங்கும் மரத்தை உடனே மாற்றுங்கள்.

"நாளைக்கு எழும்பிப் போற இடம்தானே?"

இக்கேள்வியை இரவல் காணியில் இருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டார். அதை இலேசாகத் தட்டிவிட என்னால் முடியவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களுள் ஒரு பகுதியினர் இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. பிறர் மண்ணில் எதைக் கட்டுவது என்ற தயக்கம் நியாயமானது.

மருத மரம் காட்டிய பெரியவரே இதற்கும் வழி சொன்னார். "இடம்பெயரேக்கை கதவையும் யன்னலையும் கழட்டிக்கொண்டு போன சனம் நாங்கள். ஆணி அடிச்சால்தானே கழட்டேலாது?" அதனால் எமது பாலத்தின் பலகைகளையும் கைப்பிடியையும் ஆணி அடிக்காமல் திருகாணியால் பூட்டியிருக்கின்றோம். அரை நாளில் கழற்றி, ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றலாம். உங்கள் உழைப்பு உங்களோடு வரும். போகும் நாள் வரும்வரை உங்கள் பிள்ளைகள் நனையாமல் பள்ளிக்கூடம் போவார்கள்.

உழவு இயந்திரப் பெட்டியில் பிறந்த அந்தப் பிள்ளை இப்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு அப்பாலத்தால்தான் பள்ளிக்கூடம் போகின்றது. ஆச்சி இன்றில்லை. அவர் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனதும், வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அந்தப் பாலத்தின் மேலேதான்.

ஓடை வறண்டு கிடக்கும் ஆவணியும் புரட்டாதியும்தான் கட்டுவதற்கு ஏற்ற காலம். உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை இந்த வாரமே ஓடைக்கரைக்குக் கூட்டிச் சென்று, வெள்ளம் எதுமட்டும் வந்தது என்று கேளுங்கள். அதற்குப் பிறகு அளவு நாடாவை எடுக்கலாம்.